கேட்டு வரைந்த வரைபடம்

மூளையின் இடப்பக்கத்தில் கட்டி வளர்ந்திருக்கிறது என்று மருத்துவர் சொன்னால், நோயாளியின் வீட்டார் முதலில் கேட்பது உயிருக்கு ஆபத்து உண்டா என்பதைத்தான். அடுத்து, சற்றுத் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: பேச்சு போய்விடுமா? பெரும்பாலோருக்குப் பேச்சும் மொழி அறிவும் மூளையின் இடப்பாதியைச் சார்ந்தே இயங்குகின்றன. அங்கு வளர்ந்த கட்டியைக் குறைவாக எடுத்தால் நோய் விரைவில் திரும்பும். அளவு மீறி எடுத்தால் உயிர் இருக்கும், சொல் இருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு கிழிப்பது? அந்த ஒரு மனிதரின் மூளையில் மொழி எங்கே குடியிருக்கிறது என்று தெரிந்தால்தான் விடை சொல்ல முடியும்.

இன்று அதை அறுவைக்கு முன்பே ஓரளவு அறிய முடிகிறது. நோயாளி எம்ஆர்ஐ கருவிக்குள் படுத்திருப்பார். அவர் கண்முன் படங்கள் ஒவ்வொன்றாக வரும். அவற்றின் பெயர்களை அவர் மனத்துக்குள் சொல்வார். அந்த வேலையில் ஈடுபடும் மூளைப் பகுதிகளுக்கு ரத்த ஓட்டம் கூடும். அந்த மாற்றத்தைக் கருவி பதிந்து, வண்ணத் திட்டுகளாகத் திரையில் காட்டும். இதற்குச் செயல்சார் எம்ஆர்ஐ என்று பெயர். அறுவை மருத்துவர் அந்தப் படத்தைப் பார்த்தே தம் வழியைத் திட்டமிடுகிறார்.

கருவி புதிது; அதன் பின்னால் உள்ள கேள்வி பழையது. ஒவ்வொரு நோயாளியின் மூளையிலும் மொழி எங்கே இருக்கிறது என்பதை அந்த நோயாளியிடமே கேட்டு அறிய வேண்டும் என்பதை நடைமுறையாக்கிக் காட்டியவர் வைல்டர் பென்ஃபீல்டு. அரை நூற்றாண்டுக்கு முன் மறைந்த கனடா நாட்டு மருத்துவர். நான் மருத்துவன் அல்லன்; விருதுநகர் மாவட்டத்துக் கல்லூரியில் பொருளியல் பயிற்றுவித்து ஓய்வு பெற்றவன். ஆயினும் அவருடைய வாழ்க்கையில் நம் மாவட்டத்துக்குத் தேவையான ஒரு பாடம் இருப்பதாக எண்ணுகிறேன். அதனாலேயே இக்கட்டுரை.

கற்கப் புறப்பட்டவர்

1891 ஜனவரி 26 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் நகரில் பென்ஃபீல்டு பிறந்தார். தந்தை மருத்துவர். அவருடைய தொழில் நொடித்தபோது, தாய் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு விஸ்கான்சின் மாநிலத்தில் ஹட்சன் என்ற சிற்றூரில் இருந்த பிறந்தகத்துக்குத் திரும்பினார். அப்போது சிறுவனுக்கு எட்டு வயது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பயில்வதற்கான ரோட்ஸ் உதவித்தொகையை மகன் பெற வேண்டும் என்பது தாயின் பெருங்கனவு. படிப்போடு விளையாட்டும் அதற்குத் தேவை என்பதால், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அவர் கால்பந்து அணியிலும் இடம்பிடித்தார்.

கனவு பலித்தது. ஆக்ஸ்ஃபோர்டில் அவருக்கு இரண்டு ஆசிரியர்கள் கிடைத்தனர். ஒருவர் நரம்பியல் ஆய்வில் அன்று உலகின் முதல் வரிசையில் இருந்த சார்லஸ் ஷெரிங்டன். குரங்கினங்களின் மூளைப் புறணியில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, எந்த இடம் எந்த உறுப்பை அசைக்கிறது என்று ஆராய்ந்தவர் அவர். மற்றவர் மருத்துவக் கல்வியில் பெரும் பெயர் பெற்ற வில்லியம் ஆஸ்லர். 1916இல் முதல் உலகப் போரின்போது பென்ஃபீல்டு பயணம் செய்த சசெக்ஸ் என்ற கப்பல் ஆங்கிலக் கால்வாயில் தாக்கப்பட்டது. காலில் காயம்பட்ட அவர் தேறி எழுந்தது ஆஸ்லரின் வீட்டில்தான். உயிர் பிழைத்தது ஏதோ ஒரு பணிக்காகவே என்ற எண்ணம் அப்போது அவருக்குள் வேரூன்றியது.

1918இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். நியூயார்க்கில் அறுவை மருத்துவராகப் பணி கிடைத்தது. அன்றைய மூளை அறுவை பெரும்பாலும் இருட்டில் துழாவும் வேலை. கட்டி எங்கே இருக்கிறது என்பதைக்கூட நோய்க்குறிகளை வைத்தும், மூளைக்குள் காற்றைச் செலுத்தி எடுத்த எக்ஸ்ரே படங்களை வைத்தும் ஊகிக்க வேண்டியிருந்தது. அறுவைக்குப் பின் பலர் இறந்தனர். இந்த நிலையில் தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரைத் தேடிச் சென்று கற்பது என்று பென்ஃபீல்டு முடிவு செய்தார்.

சிவகாசிக்காரர்களுக்கு இந்த மனநிலை புதிதன்று. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மழை பொய்த்த கரிசல் மண்ணில் ஒரு தொழில் நகரம் எழுந்ததற்கு அந்தப் பயணம் வித்து. ஏறத்தாழ அதே காலத்தில், 1924இல், பென்ஃபீல்டு ஸ்பெயினின் மாட்ரிட் நகருக்குப் போனார். அங்கே பியோ டெல் ரியோ ஹோர்டேகா என்ற ஆய்வாளர், வெள்ளி உப்புகளைக் கொண்டு மூளையின் துணைச் செல்களுக்குச் சாயமேற்றிக் காணும் நுட்பத்தை வகுத்திருந்தார். நரம்புச் செல்களுக்குத் துணை நிற்கும் இந்தச் செல்களிலிருந்துதான் மூளைக் கட்டிகளுள் பல தோன்றுகின்றன. அந்த நுட்பத்தைப் பென்ஃபீல்டு அவர் அருகில் இருந்து கற்றார்.

1928இல் மறுபடியும் கடல் கடந்தார். இம்முறை அன்று ஜெர்மனியில் இருந்த பிரெஸ்லாவ் நகரம். அங்கே ஓட்ஃப்ரிட் ஃபோர்ஸ்டர் என்ற மருத்துவர், போரில் தலையில் குண்டடிபட்டு வலிப்புக்கு ஆளானவர்களின் மூளைத் தழும்புகளை அகற்றிக்கொண்டிருந்தார். நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தாமல், தலைத்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, விழித்த நிலையிலேயே அவர் அறுவை செய்தார். மூளைத் திசுவுக்கு வலி உணர்ச்சி இல்லை என்பதால் இது இயலும். மின்முனையால் புறணியைத் தொட்டு, நோயாளிக்கு என்ன நேர்கிறது என்று கேட்டு, வலிப்பு தொடங்கும் இடத்தைக் கண்டறிந்தார். ஃபோர்ஸ்டருக்கு ஆசிரியராக இருந்தவர், பேச்சைப் புரிந்துகொள்ளும் மூளைப் பகுதியை 1874இல் விளக்கிய கார்ல் வெர்னிக்கே. ஆக, மொழி பற்றிய ஆய்வு மரபு ஒன்று பிரெஸ்லாவ் வழியாகப் பென்ஃபீல்டின் கைக்கு வந்தது.

தமக்கையின் தலை

அதே 1928இல் பென்ஃபீல்டு கனடாவின் மான்ட்ரியல் நகருக்குக் குடிபெயர்ந்தார். மக்கில் பல்கலைக்கழகமும் ராயல் விக்டோரியா மருத்துவமனையும் அவரை அழைத்திருந்தன. வில்லியம் கோன் என்ற அறுவை மருத்துவரும் உடன் வந்தார். வந்த சில மாதங்களிலேயே வாழ்வின் மிகக் கடினமான அறுவை அவருக்குக் காத்திருந்தது.

அவருடைய தமக்கை ரூத் பல ஆண்டுகளாக வலிப்பால் துன்புற்றவர். பிள்ளைகள் பலருக்குத் தாய். நோய் முற்றி அவர் மான்ட்ரியலுக்கு அழைத்து வரப்பட்டபோது, மூளையின் வலப்பக்க முன்மடலில் பெரிய கட்டி இருப்பது தெரிந்தது. உடன்பிறந்தவருக்குத் தாமே அறுவை செய்வதா என்ற தயக்கம் எவருக்கும் எழும். ஆனால் அன்று கனடாவில் அந்தப் பணியை ஒப்படைக்கத்தக்கவர் மிகச் சிலரே. டிசம்பரில் அவரே கத்தியை எடுத்தார். வலப்பக்க முன்மடலின் பெரும்பகுதியை அகற்றிய பின்னும் கட்டியின் ஒரு பகுதியை விட்டுவிட நேர்ந்தது. கட்டித் திசுவை உருப்பெருக்கியில் பார்த்தபோது, எந்தச் செல்களுக்குச் சாயமேற்ற மாட்ரிட் வரை போய்க் கற்றாரோ, அந்தச் செல் வகையிலிருந்தே அது வளர்ந்திருந்தது.

ரூத் பிழைத்து வீடு திரும்பினார். பேச்சு நன்றாக இருந்தது, நினைவு இருந்தது, அன்பும் நகைச்சுவையும் மாறவில்லை. ஓராண்டுக்குப் பின் தம்பி விருந்துக்கு வந்தார். ரூத் சமைக்க ஆயத்தமாகியிருந்தார். பொருள்கள் எல்லாம் மேடையில் இருந்தன. ஒன்றிரண்டு அடுப்பிலும் ஏறியிருந்தன. ஆனால் எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்று வரிசைப்படுத்த முடியாமல் அவர் கலங்கி நின்றார். வாழ்நாள் முழுதும் சமைத்த கை அது. முன்மடல் திட்டமிடுதலுக்கு உரியது என்பதை மருத்துவ உலகுக்கு உணர்த்திய தொடக்கச் சான்றுகளுள் ஒன்றாக அந்தச் சமையலறைக் காட்சி பின்னர் ஆய்வுக் கட்டுரையில் இடம்பெற்றது. கட்டி மீண்டும் வளர்ந்தது. 1931இல் ரூத் இறந்தார்.

அறுவையின் வெற்றியை உயிர் பிழைத்தாரா என்பதை மட்டும் வைத்து அளக்கக் கூடாது, எதை இழந்து பிழைத்தார் என்பதையும் கேட்க வேண்டும் என்பது பென்ஃபீல்டுக்கு வீட்டுக்குள்ளேயே கிடைத்த பாடம்.

ஒரே கூரையின் கீழ்

நரம்பு நோய்களுக்கென அறுவை மருத்துவர், நரம்பியல் மருத்துவர், திசு ஆய்வாளர், உளவியலாளர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்து பணியாற்றும் நிலையம் வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் முன்பே இருந்தது. தமக்கையின் மறைவு அதற்கு அவசரம் சேர்த்தது. அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையை அணுகினார். முதல் முயற்சி கைகூடவில்லை. 1932இல், உலகப் பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்தில் இருந்தபோது, அந்த அறக்கட்டளை 12 லட்சம் டாலருக்கு மேல் வழங்க இசைந்தது. மான்ட்ரியல் நகராட்சியும் கியூபெக் மாகாண அரசும் பங்களித்தன. 1934 செப்டம்பரில் மான்ட்ரியல் நரம்பியல் நிலையம் திறக்கப்பட்டது. பென்ஃபீல்டு 1960 வரை அதன் இயக்குநராக இருந்தார். அந்த 1934ஆம் ஆண்டிலேயே கனடாவைத் தம் நாடாக ஏற்றுக் குடியுரிமையும் பெற்றார்.

பொருளியல் படித்தவன் என்ற முறையில் இந்த நிதியை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. வேலையின்மையும் வறுமையும் ஓங்கிய காலத்தில், உடனே பலன் தராத ஆய்வு நிலையத்துக்கு இவ்வளவு பணமா என்று கேட்டவர்கள் இருந்திருக்கக் கூடும். ஆனால் அந்த முதலீடு விளைத்த அறிவு எந்த நாட்டு எல்லைக்குள்ளும் அடங்கவில்லை. அதன் ஒரு கிளை தமிழ்நாட்டுக்கே வந்தது.

ஜேக்கப் சாண்டி கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர். மான்ட்ரியலில் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்ற அவர், 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, இங்கிலாந்தில் பயின்று திரும்பிய பா.ராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அத்துறையை நிறுவினார். சீர்காழியில் பிறந்த தமிழர் அவர். 1951இல் இவர்கள் இருவரும் நரம்பியல் மருத்துவர்கள் பல்தேவ் சிங், எஸ்.டி.நரசிம்மன் ஆகியோரும் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தைச் சென்னையில் உருவாக்கினர். கல்கத்தாவிலிருந்து சிவகாசிக்கு வந்தது போலவே, மான்ட்ரியலிலிருந்து வேலூருக்கும் ஒரு தொழில் வந்து சேர்ந்தது.

சொல் நின்ற இடம்

பென்ஃபீல்டின் அறுவைக் கூடத்தில் நடந்தது இதுதான். நோயாளி விழித்திருப்பார். மண்டை ஓட்டின் ஒரு பகுதி திறந்திருக்கும். மருத்துவர் மெல்லிய மின்முனையால் புறணியின் ஒரு புள்ளியைத் தொடுவார். கட்டை விரல் துடிக்கலாம், உதடு மரத்துப்போகலாம், ஒன்றும் நேராமலும் போகலாம். விளைவு கண்ட இடத்தில் எண் எழுதிய சிறு தாள் துண்டு ஒன்று வைக்கப்படும். நோயாளி சொல்வதை எழுத ஒருவர் இருப்பார். திறந்த மூளை ஒளிப்படம் எடுக்கப்படும். இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அவர் விழித்த நிலையில் அறுவை செய்தார். கை, முகம், நாக்கு ஆகியவற்றுக்குப் புறணியில் எவ்வளவு இடம் உண்டோ அதற்கேற்பப் பெருத்தும் சிறுத்தும் வரையப்பட்ட விந்தையான மனித உருவம், எட்வின் போல்ட்ரியுடன் சேர்ந்து அவர் 1937இல் வெளியிட்ட ஆய்வில்தான் முதலில் தோன்றியது. இன்றும் மருத்துவ மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள்.

மொழியைத் தேடுவதற்கு வேறு வழி தேவைப்பட்டது. ஏனெனில் மொழிப் பகுதியை மின்சாரம் தொட்டால் பேச்சு வருவதில்லை. மாறாக, வரும் பேச்சு நிற்கிறது. எனவே நோயாளியிடம் படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னார். மின்முனை ஒரு புள்ளியைத் தொட்டவுடன் பெயர் வராமல் போனால் அந்த இடம் மொழிக்கு இன்றியமையாதது. அங்கே கத்தி போகக் கூடாது. ஒரு நோயாளிக்கு வண்ணத்துப்பூச்சியின் படம் காட்டப்பட்டது. அவர் விரலைச் சொடுக்கித் தவித்தார், சொல் வரவில்லை. மின்முனையை எடுத்த பின், அது என்ன என்று தமக்கு நன்றாகத் தெரிந்திருந்ததாகவும், வண்ணத்துப்பூச்சி என்ற சொல் கிடைக்காமல் அந்துப்பூச்சி என்ற சொல்லையாவது பிடிக்க முயன்றதாகவும் அதுவும் கைக்கு எட்டவில்லை என்றும் அவர் தெரிவித்தார். அறிவு ஓரிடம், சொல் வேறிடம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா 1861இல் ஒரே ஓர் அசையைத் தவிர வேறெதுவும் பேச இயலாத நோயாளியின் மூளையை ஆராய்ந்து, இடப்பக்க முன்மடலின் ஒரு பகுதியைப் பேச்சுக்கு உரியதென அறிவித்திருந்தார். அவரும் வெர்னிக்கேயும் ஆராய்ந்தது பெரும்பாலும் இறந்தவர்களின் மூளையை. பென்ஃபீல்டு உயிருள்ளவர்களிடமே கேட்டார். லாமார் ராபர்ட்ஸுடன் இணைந்து 1959இல் வெளியிட்ட பேச்சும் மூளை இயக்கமும் பற்றிய நூலில், மொழிக்கு மூன்று பகுதிகளை அவர் குறித்தார். அவற்றுள் மிக முக்கியமானது பின்பக்கப் பகுதி. அடுத்தது புரோக்கா குறித்த முன்பகுதி. மூன்றாவது, மூளையின் உட்பக்க மேல் விளிம்பில் உள்ளது. அந்த மூன்றாவது பகுதியை இழந்தவர்களுக்குப் பேச்சு சில வாரங்கள் தடுமாறி மீண்டும் வந்தது.

எல்லோருக்கும் இடப்பாதியிலேயே மொழி இருப்பதில்லை. ஜப்பானிலிருந்து வந்த ஜுன் வாடா, கழுத்து ரத்தக் குழாய் வழியே மூளையின் ஒரு பாதியைச் சில நிமிடங்கள் மட்டும் உறங்க வைத்து, பேச்சு நிற்கிறதா என்று பார்க்கும் சோதனையை அந்த நிலையத்துக்குக் கொண்டுவந்தார். அங்கேயே பிரெண்டா மில்னரும் தியோடர் ராஸ்முசனும் 1977இல் வெளியிட்ட கணக்கின்படி, வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் 96 விழுக்காட்டினருக்கும் இடக்கைப் பழக்கமுள்ளவர்களில் 70 விழுக்காட்டினருக்கும் மொழி இடப்பாதியில் இருந்தது. எஞ்சியவர்களுக்குப் பொது விதியை நம்பிக் கத்தி வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பென்ஃபீல்டின் கருத்துகள் அனைத்தும் நிலைத்துவிடவில்லை. மின்முனை பட்டவுடன் சிலருக்குப் பழைய இசையும் குரல்களும் கேட்டதை வைத்து, வாழ்ந்த ஒவ்வொரு நொடியும் மூளையில் அப்படியே பதிவாகியிருக்கிறது என்று அவர் கருதினார். பின்வந்தோர் அதை ஏற்கவில்லை. மான்ட்ரியல் ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்து பேசும் நகரம். இரு மொழிகள் அறிந்தவரின் மூளையில் இரண்டுக்கும் ஒரே இடம்தான், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் இயக்கம் மட்டுமே தனி என்பது அவருடைய முடிவு. ஆனால் 1978இல் அமெரிக்காவின் ஜார்ஜ் ஓஜெமான், ஹாரி விட்டேக்கர் ஆகியோர் இருமொழியாளர்களிடம் சோதித்தபோது, சில புள்ளிகளில் ஒரு மொழி மட்டும் நின்று மற்றது தொடர்ந்தது. ஓஜெமான் 1989இல் 117 நோயாளிகளின் வரைபடங்களை ஒப்பிட்டார். மொழிக்கு இன்றியமையாத இடங்கள் ஓரிரு சதுர சென்டிமீட்டர் அளவுள்ள சிறு திட்டுகள் என்பதும், அவை ஆளுக்கு ஆள் வெவ்வேறு இடங்களில் அமைந்திருக்கின்றன என்பதும் தெரியவந்தது. முடிவுகள் திருத்தம் பெற்றன. நோயாளியிடமே கேள் என்ற முறை மேலும் உறுதிப்பட்டது. 2008இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வெளியான ஆய்வு, இம்முறையில் மொழிப் பகுதிகளைக் கண்டறிந்து கட்டி அகற்றப்பட்ட 250 நோயாளிகளைப் பற்றியது. ஆறு மாதங்களுக்குப் பின் நூற்றுக்கு இருவருக்கும் குறைவானவர்களிடமே பேச்சு முன்பைவிடக் குன்றியிருந்தது.

படமும் பதிவும்

1976 ஏப்ரல் 5 அன்று பென்ஃபீல்டு மான்ட்ரியலில் காலமானார். தன்வரலாற்று நூலின் கைப்படியை முடித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. மூளையை வெட்டாமலேயே அடுக்கடுக்காகக் காட்டும் சிடி ஸ்கேன் அப்போது புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஆக்சிஜன் ஏற்றிய ரத்தமும் அதை இழந்த ரத்தமும் காந்தப்புலத்தில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதை வைத்து மூளையின் செயலைப் படமெடுக்கலாம் என்று சேய்ஜி ஒகாவா காட்டியது 1990இல். அடுத்த சில ஆண்டுகளில் மனிதர்களிடம் அது செய்துகாட்டப்பட்டது. இன்று நரம்பிழைகள் செல்லும் தடத்தையும் எம்ஆர்ஐ மூலம் வரைகிறார்கள்.

இந்தப் படம் எப்படி உருவாகிறது என்பதைச் சிவகாசி அச்சகத்தாரிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு நிறங்களும் தனித்தனித் தகடுகளிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக அச்சாகின்றன. அவை இம்மியும் பிசகாமல் பொருந்துவதை ரெஜிஸ்டர் என்பார்கள். அது விலகினால் நாட்காட்டியில் உள்ள முருகனின் உதடு கன்னத்துக்குப் போய்விடும். மூளையின் அமைப்பைக் காட்டும் படம் ஒரு தகடு; மொழி இயங்கும் இடங்களைக் காட்டும் படம் இன்னொரு தகடு; நரம்புத் தடங்கள் மூன்றாவது. மூன்றும் பொருந்தினால்தான் மருத்துவருக்குப் பயன். ஈரம் பட்ட தாள் நீள்வது போல, மண்டை ஓட்டைத் திறந்து நீர் வடிந்ததும் மூளையும் சற்று இடம் பெயர்கிறது. முன்பே எடுத்த படம் அப்போது விலகிவிடுகிறது.

இன்னொரு குறையும் உண்டு. செயல்சார் எம்ஆர்ஐ காட்டுவது மொழி வேலையில் பங்குபெறும் இடங்களை. எந்த இடம் இல்லாவிட்டால் பேச்சு நின்றுவிடும் என்பதை அது உறுதியாகச் சொல்லாது. கட்டிக்கு அருகே ரத்த ஓட்டமே மாறியிருப்பதால், இயங்கும் இடமும் இயங்காதது போலத் தோன்றக் கூடும். ஆகவேதான் படம் எடுத்த பின்னும், தேவையான நோயாளிகளுக்கு விழித்த நிலையில் மின்முனை கொண்டு சோதிக்கும் பென்ஃபீல்டின் முறையை மருத்துவர்கள் கைவிடவில்லை. படம் வழிகாட்டுகிறது; இறுதி விடையை நோயாளிதான் சொல்கிறார்.

எந்த மொழியில் கேட்பது?

நம் மாவட்டத்துக்கு உரிய கேள்வி இங்கேதான் எழுகிறது. நோயாளியிடம் எந்த மொழியில் கேட்கிறோம்? எந்தப் படத்தைக் காட்டுகிறோம்? மேலைநாடுகளில் பெரிதும் பயன்படும் பெயர் சொல்லும் சோதனை ஒன்றில் எஸ்கிமோக்களின் பனிக்குடிலும், பீவர் என்ற விலங்கும், பிரெட்செல் என்ற தின்பண்டமும் படங்களாக உள்ளன. திருத்தங்கலில் பட்டாசுக்குத் திரி வைக்கும் பெண்ணிடம் அவற்றைக் காட்டி, அவர் பெயர் சொல்லவில்லை என்றால் குறை அவருடைய மூளையில் இல்லை. தீப்பெட்டி, உரல், நுங்கு, மத்தாப்பு என்று காட்டினால் கண நேரத்தில் விடை வரும். அங்கேயும் கவனம் தேவை. ஒரே பொருள் ஒரு வீட்டில் துடைப்பம், அடுத்த வீட்டில் விளக்குமாறு, சற்றுத் தெற்கே சென்றால் வாரியல். நோயாளி தம் வழக்கில் சொல்லும் சரியான சொல்லைத் தவறென்று குறித்துக்கொண்டால், வரைபடமே பிழையாகும்.

என் வகுப்புகளில் அமர்ந்த மாணவர்களில் பலர் வீட்டில் தெலுங்கும், வெளியில் தமிழும், தேர்வில் ஆங்கிலமும் பயன்படுத்தியவர்கள். ராஜபாளையம், சாத்தூர் வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாகத் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் தெலுங்கை எழுதவோ படிக்கவோ அறியாதவர்கள். எழுத்து என்றால் அவர்களுக்குத் தமிழ்தான். அப்படிப்பட்ட ஒருவரைத் தமிழில் மட்டும் சோதித்துக் கட்டியை அகற்றினால், அவர் கடைவீதியில் பேசும் மொழி காப்பாற்றப்படலாம். தாயிடம் பேசும் மொழி காப்பாற்றப்பட்டதா என்பது தெரியாது. சோதனை முழுவதையும் படிக்கும் பயிற்சியாக வைத்தாலோ வீட்டு மொழி வரைபடத்திலேயே ஏறாது.

பொருளியலில் நிரப்புப் பண்டங்கள் என்று ஒரு கருத்து உண்டு. ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்படாது. பேனாவும் மையும் போல. எம்ஆர்ஐ கருவியின் விலை கோடிகளில். அதற்கு நிரப்பாக வேண்டியது, இந்த மண்ணின் மக்கள் அறிந்த பொருள்களின் படத்தொகுப்பும், அவர்கள் பேசும் மொழியில் கேட்கத் தெரிந்த ஒருவரும். முதலதற்குச் செலவிட்டு, இரண்டாவதை மறந்தால், முதலதில் செலவிட்டதும் வீணாகும்.

விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் மூளை அறுவைக்கான உயர்நிலைக் கருவிகள் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அத்தகைய அறுவைகள் அனுபவம் திரண்ட பெரிய மருத்துவமனைகளில் நடப்பதே நல்லது. மாவட்டத்தில் செய்யத்தக்கவை வேறு. மூளைக் கட்டியுள்ளவரை மேல் சிகிச்சைக்கு அனுப்பும் கடிதத்தில், வீட்டில் எந்த மொழி, தொழிலில் எந்த மொழி, படிக்கத் தெரியுமா, எந்தக் கைப் பழக்கம் ஆகியவற்றை ஒரு வரியில் எழுதலாம். மொழியியல் துறைகளும் பேச்சுப் பயிற்சியாளர்களும் சேர்ந்து, வட்டார வழக்குகளை ஏற்கும் படத்தொகுப்புகளைத் தமிழிலும் தெலுங்கிலும் உருவாக்கி மருத்துவமனைகளுக்கு வழங்கலாம். அவற்றை அச்சிட உலகத்தரமான அச்சகங்கள் நம் ஊரிலேயே இருக்கின்றன. பேச்சுப் பயிற்சியாளரை அறுவைக்குப் பிந்தைய ஆறுதலாக எண்ணாமல், அறுவைக்கு முந்தைய திட்டத்திலேயே சேர்க்கலாம். காப்பீட்டுத் திட்டங்கள் அறுவைச் செலவைக் கணக்கிடும்போது, மொழி வரைபடத்தையும் அதன் பகுதியாகக் கருத வேண்டும். கூலியைப் பேசி வாங்கவும், எண்ணிக்கை சொல்லவும், ஆபத்து என்று கூவவும் பேச்சு வேண்டும். பட்டாசு ஆலையில் அந்த ஒரு சொல் பல உயிர்களைக் காக்கக் கூடியது.

பிரிட்டிஷ் முடியின் ஆர்டர் ஆஃப் மெரிட் உள்ளிட்ட உயரிய விருதுகள் பல பென்ஃபீல்டுக்கு வந்தன. ஓய்வு பெற்ற பின், குழந்தைகள் சிறு வயதிலேயே இரண்டாம் மொழியைக் கற்க வேண்டும் என்று பேசியும் எழுதியும் வந்தார். எந்த அறிவையும் தனி ஒருவர் ஈட்டிவிட முடியாது என்பது அவருடைய உறுதியான எண்ணம்; தன்வரலாற்றின் தலைப்பையும் அதையொட்டியே அமைத்தார். மாட்ரிட், பிரெஸ்லாவ் ஆசிரியர்களும், உடன் உழைத்தவர்களும் அந்த அறிவில் பங்காளிகள். மண்டை திறந்திருக்க, அச்சத்தை அடக்கிக்கொண்டு, காட்டிய படத்துக்குத் தம் மொழியில் பெயர் சொன்ன ஆயிரக்கணக்கான நோயாளிகளும் பங்காளிகளே. நம் ஊர்க்காரர் ஒருவர் அந்த மேசைக்குப் போகும் நாளில், அவர் அறிந்த பொருளை, அவர் அறிந்த மொழியில் கேட்க ஆள் இருக்க வேண்டும்.